டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்த பிறகு "நீ மாறிட்டே" என்கிறார்கள், உங்களுக்கும் அப்படியா?

ராப்பறவை:
வயது 41. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அடியோடு இறங்கிவிட்டது, காலையில் எடுத்த இரண்டு பரிசோதனையிலும் 150-ஐத் தாண்டவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. எனாந்தேட் (டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் ஒரு வகை). கல்யாணம், காதுகுத்து எதற்கும் தலைகாட்டாமல் இருந்தவன் இப்போது நானே போன் போட்டு எல்லோரையும் கூப்பிடுகிறேன், அது நல்லதுதான். ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது ஒன்று சொன்னால் உடனே பதிலுக்கு நிற்கிறேன். டீக்கடைக் கூட்டத்தில் இரண்டு பேர் என்னைக் கண்டால் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள். மனைவி சொல்வது: "ஊசி போட்ட மூணாம் நாள் உங்ககிட்ட பேசவே பயமா இருக்கு, பதிமூணாம் நாள் நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க." இது ஊசியா, நானா? நண்பர்களிடம் சொல்லலாமா?

கோவை_குமரன்:
உங்கள் மனைவி ரத்தப் பரிசோதனையைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் தல. எனாந்தேட் போட்ட முதல் சில நாளில் அளவு உச்சத்துக்குப் போகும், இரண்டாவது வாரக் கடைசியில் தரைக்கு வந்துவிடும். அதே மொத்த அளவைப் பாதியாக்கி வாராவாரம் போட்டால் பலருக்கு இந்த ஏற்ற இறக்கம் அடங்குகிறது, டாக்டரிடம் கேளுங்கள். பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற அண்டெகனோவேட் என்ற இன்னொரு வகை ஊசியும் இருக்கிறது. தோலில் பூசுகிற ஜெல்லும் உண்டு, ஆனால் ஓடிவந்து தோளில் தொங்குகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் யோசிக்க வேண்டும். தோலிலிருந்து அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், பூசியதும் கையைக் கழுவி, அந்த இடத்தைச் சட்டையால் மூடியாக வேண்டும்.

அப்புறம், தைராய்டு, கார்ட்டிசோல் ஹார்மோன்களையும் பிட்யூட்டரிதான் இயக்குகிறது, அதில் ஆபரேஷன் என்பதால் அவையும் சரியாக இருக்கிறதா பாருங்கள். எல்லாப் பழியையும் ஒரே ஊசி மேல் போட முடியாது. சரியான அளவுக்குக் கொண்டுவருவதால் மட்டும் சாதுவான மனுஷன் சண்டைக்காரன் ஆகிவிட மாட்டான், ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்குத் தெம்பு வந்து பேசினாலும் சுற்றி இருப்பவர்களுக்கு அது கோபமாகத் தெரியும்.

நண்பர்களிடம் "ஹார்மோன் குறைபாடு, ஊசி போகிறது" என்றால் போதும். தைராய்டு மாத்திரையை யார் ஒளித்துச் சாப்பிடுகிறார்கள்? "ஆண்மைக்குறைவு" என்று பட்டம் கட்டுகிற ஆள் இருந்தால் அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

மல்லிகா_டி:
என் வீட்டுக்காரருக்கும் இதே சிகிச்சைதான், யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயத்தைச் சொல்கிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். 1990-களில் உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மி.கி. ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால் பாருங்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று கேட்கிறவர்களுக்கு இதை எப்படி விளக்குவது? நான் அடுப்படிக்குள் போய்விடுவேன், அவர் மாமாவோடு அரசியல் பேசப் போய்விடுவார். உங்களுக்குக் குழந்தை வேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பிட்யூட்டரி காரணமாக வந்த குறைபாட்டுக்கு விந்தணு உற்பத்தியைத் தூண்டுகிற எச்சிஜி, எஃப்எஸ்எச் ஹார்மோன் ஊசி என்று வேறு வழி இருக்கிறது.

ஜிம்_பாய்:
எனக்கு டெஸ்டோஸ்டிரோன் 420 வந்திருக்கு, எப்பவும் சோம்பலா இருக்கு, யாரோடயும் பழகப் பிடிக்கல. நானும் ஆரம்பிக்கலாமா?

கோவை_குமரன்:
420 குறைவே இல்லை தம்பி, வழக்கமாக 300-க்குக் கீழே போனால்தான் பேச்சே. 2016-ல் வெளியான ஆய்வில் 65 வயதைத் தாண்டிய, உண்மையிலேயே அளவு குறைந்த 790 ஆண்களுக்கு ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். தாம்பத்திய ஆசை கூடியது, தெம்பு விஷயத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றமில்லை. உன் தூக்கத்தைப் பார், மனசு சரியில்லை என்றால் அதற்கான டாக்டரைப் பார். ஜிம்மில் யாராவது ஊசி நீட்டினால் வாங்காதே.

ராப்பறவை:
நன்றி. குழந்தைகள் இரண்டு, அது போதும் மல்லிகா அக்கா. வாராவாரம் மாற்றுவது பற்றிக் கேட்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு எந்த நாளில் ரத்தம் கொடுப்பது?

கோவை_குமரன்:
இரண்டு ஊசிக்கு நட்டநடுவில். கூடவே ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பாருங்கள், 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். குறட்டை கூடியிருக்கிறதா என்றும் வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்பார்.