உடைந்த பானை ஓடு ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டுமா?

கல்தச்சன்:
பண்டைய ஏதென்சின் சந்தைவெளியான அகோராவில் 1931இல் தொடங்கிய அகழாய்வின் பதிவுமுறையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்ந்தெடுத்த பொருளுக்கு ஓர் எழுத்தும் எண்ணும் தருகிறார்கள்: மட்பாண்டத்துக்கு ‘பி’, விளக்குக்கு ‘எல்’, கல்வெட்டுக்கு ‘ஐ’. மீதி ஓடுகள் கிடைத்த மண்ணடுக்கின் பெயரில் மொத்தமாகச் சேர்கின்றன. இதுதான் சரி. விளிம்பு, அடி, கைப்பிடி, ஓவியம், எழுத்து எதுவும் இல்லாத வயிற்றுப்பகுதி ஓடுகளை எண்ணி, எடைபோட்டு, கழித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் தனிப் பதிவு அட்டை எழுத உட்கார்ந்தால் அறிக்கை வெளிவர ஒரு தலைமுறை ஆகும்.

வட்டெழுத்து:
‘கழித்துவிடலாம்’ என்பதை ஏற்க மாட்டேன், ஐயா. பானையின் சுவரில் ஊறிய எண்ணெயையும் திராட்சை மதுவையும் இன்று ஆய்வகத்தில் பிரித்தறிகிறார்கள். அதற்கு ஓவியம் எதற்கு? நீங்கள் கழிக்கச் சொல்லும் வயிற்றுப்பகுதியே போதும். 1930களில் கழித்தவரைக் குறைசொல்ல மாட்டேன். இன்று கழிப்பவரைச் சொல்வேன்.

கல்தச்சன்:
மாதிரிக்கு ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு நிறைய எதற்கு?

ஓடுகழுவி:
நான் மூன்று பருவம் அகழாய்வில் ஓடு கழுவியவள். 1937இல் ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தொல்லியலாளர் ஆஸ்கார் புரோனியர் கண்டெடுத்தவற்றை நினைத்துப் பாருங்கள். 190 ஓடுகள், எல்லாவற்றிலும் ஏதென்சின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பெயர். அவரை நாடுகடத்தக் கோரும் வாக்குகள்; அங்கே யாரை வெளியேற்ற வேண்டுமோ அவர் பெயரை ஓட்டில் கீறித்தான் வாக்களித்தார்கள். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு குடிமகனின் கோபம். சேர்த்துப் பார்த்தபோதுதான் அவற்றை எழுதியவை 14 பேரின் கைகள் மட்டுமே என்பது தெரிந்தது. வாக்கு ஓடுகளை யாரோ முன்கூட்டியே எழுதிக் குவித்திருக்கிறார்கள்! ஏதென்சின் அரசியல் நம் கண்முன் வந்து நின்ற இடம் அது.

கல்தச்சன்:
அம்மா, அவற்றில் எழுத்து இருந்ததே. என் முறையிலும் அவற்றுக்கு எண் கிடைத்திருக்கும்.

ஓடுகழுவி:
கிடைத்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னது எண் அல்ல; ஒரே கிணறு என்ற குறிப்பு. ஏதென்சின் பழைய இடுகாட்டுப் பகுதியான கெராமெய்கோஸில் கிடைத்த ஆயிரக்கணக்கான வாக்கு ஓடுகளிலும் வெவ்வேறு பெயர் தாங்கிய துண்டுகள் ஒரே பானையாகப் பொருந்தின. அவை ஒரே வாக்கெடுப்பைச் சேர்ந்தவை என்று வாதிட அதுவே சான்றானது. பொருத்திப் பார்க்கப் பக்கத்துத் துண்டு கையில் இருக்க வேண்டாமா?

வட்டெழுத்து:
எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. ரோட்ஸ் தீவின் மதுச்சாடிகளுக்கு இரண்டு கைப்பிடி, பெரும்பாலும் இரண்டிலும் முத்திரை. ஒன்றில் அந்த ஆண்டின் சூரியதேவன் பூசாரி பெயர், மற்றதில் தயாரித்தவர் பெயர். தொல்லியலாளர் வர்ஜீனியா கிரேஸ் தம் வாழ்நாளையே இத்தகைய முத்திரைகளுக்குக் கொடுத்தார். முத்திரைகளை மட்டும் எண்ணினால் ஒரு சாடி இரண்டாகும். முத்திரையிடாத ஊர்களின் சாடிகள் கணக்கிலேயே வராது.

கல்தச்சன்:
அது சரியான அடி. எடையும் எண்ணிக்கையும் எல்லா ஓட்டுக்கும் வேண்டும் என்று நானும்தான் சொன்னேன். தனி அட்டை வேண்டாம் என்பதில் மாறவில்லை.

ஓடுகழுவி:
தனி அட்டையை நானும் கேட்கவில்லை. அடுக்கின் பெயர் அழியாத மையில், பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஒரு கிடங்கில் எலி தின்ற சீட்டுகளோடு நாற்பது பைகளைத் திறந்தோம். அத்தனை ஓடும் இருந்தது. எந்தக் குழியில் எடுத்தது என்று ஒன்றுக்கும் சொல்ல முடியவில்லை.