ஓய்வு பெற்று இரண்டரை வருடம் கழித்து பி.எஃப். பணத்தை எடுக்கிறேன், வரி கட்ட வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர் (நவம்பர் 2025):

எல்லாருக்கும் வணக்கம். கேரளாவில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் 29 வருடம் வேலை பார்த்து, 2023 மே 31 அன்று 58 வயதில் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டியாக வந்த 9 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டுவிட்டேன். பென்ஷன் மாதம் 4,300 ரூபாய் வருகிறது. பி.எஃப். பணத்தை மட்டும் அப்போது எடுக்கவில்லை. வெளியே எங்கே போட்டாலும் இவ்வளவு வட்டி கிடைக்காது என்று அப்படியே விட்டேன். ஓய்வு பெற்ற அன்று 28 லட்சம் இருந்தது. இப்போது பாஸ்புக்கில் 32 லட்சத்து 39 ஆயிரம் காட்டுகிறது.

இந்த மே மாதம் எனக்கு 60 முடிந்தது. பணத்தை எடுத்து, 30 லட்சத்தை போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம் என்று இருக்கிறேன். பழைய ஆபீஸில் கேட்டால் "பி.எஃப். முழுக்க வரி இல்லாதது" என்கிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் மருமகன் "வட்டிக்கு வரி உண்டு மாமா, நோட்டீஸ் வரும்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது? பாதியை மனைவி பெயரில் போட்டால் வரி குறையுமா? அவளுக்கு 57 வயது. வாழ்நாள் சேமிப்பே இதுதான், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

வாளையார் நண்பர்:

அண்ணா, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் வரியே கிடையாது. நான் 2019இல் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எடுத்தேன். ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. பயப்படாமல் எடுங்கள்.

சித்தூர் கணக்கர்:

வாளையார் நண்பர் சொன்னது அவருக்குச் சரி. அடுத்த மாதமே எடுத்ததால் அவருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. உங்கள் கணக்கு வேறு. நான் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். இந்த ஒரு விஷயத்தில் தடுமாறியவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

உங்கள் பாஸ்புக்கை 2023 மே 31 என்ற தேதியில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள 28 லட்சத்துக்கு, ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த காரணத்தால் வரி இல்லை. அதை நீங்கள் இன்று எடுத்தாலும் இல்லை. கோட்டுக்குக் கீழே சேர்ந்த வட்டி அப்படியல்ல. வரிவிலக்கு, வேலையில் இருக்கும் ஊழியராக நீங்கள் சேர்த்த பணத்துக்குத்தான். வேலையை விட்ட பிறகு சேர்கிற வட்டி, பேங்க் வட்டி மாதிரியே 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வருகிறது. 2017இல் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயமும் ஒரு ஓய்வு பெற்றவர் வழக்கில் இதைத்தான் சொன்னது. ஆக, மருமகன் சொன்னதில் உண்மை இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர் 36 மாதத்துக்குள் பணத்தைக் கேட்கவில்லை என்றால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும், வட்டியும் நின்றுவிடும். உங்களுக்கு அந்தக் கெடு 2026 மே மாதம். அதற்குள் எடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததே நல்ல முடிவு.

இதுவரை போட்ட ரிட்டர்னில் இந்த வட்டியைக் காட்டியிருக்கிறீர்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

இல்லைங்க, காட்டவில்லை. வரி இல்லாத பணம் என்றே நினைத்துவிட்டேன். எஃப்.டி. வட்டி, ஓய்வுக்கு முந்தைய ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளம், பென்ஷன், இவ்வளவுதான் காட்டினேன். இரண்டு வருடமும் புது வரி முறைதான். பாஸ்புக்கைப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு 2023-24இல் வட்டி சுமார் 1,92,500. 2024-25இல் சுமார் 2,47,000. இப்போது என்ன செய்வது? அபராதம் போடுவார்களா?

சித்தூர் கணக்கர்:

பதற வேண்டாம், கணக்கு உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடமுமே பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், நீங்கள் சொன்ன தொகை அதற்குப் பொருந்துகிறது.

2024-25: பி.எஃப். வட்டி 2.47 லட்சம், 9 லட்சம் எஃப்.டி.க்கு ஏழு சதவீதம் என்று வைத்தால் 63,000. பென்ஷன் வருடத்துக்கு 51,600, அது சம்பளத் தலைப்பில் வரும், சம்பளம், பென்ஷன் வாங்குபவர் எல்லாருக்கும் கழித்துவிடும் 75,000 நிலைக் கழிவில் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) அப்படியே கரைந்துவிடும். எல்லாம் சேர்த்து 3.1 லட்சம். அந்த வருடம் புது வரி முறையில் 7 லட்சம் வரை வரித் தள்ளுபடி. கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனாலும் ரிட்டர்னைத் திருத்திப் போடுங்கள். அதற்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. இன்னும் நாள் இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2023-24: இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலும் 7 லட்சத்தைத் தாண்டாது என்றுதான் தெரிகிறது. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வரி ஏதாவது வந்தால், திருத்தும் கெடு முடிந்த பிறகும் போடக்கூடிய அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். 2026 மார்ச் 31க்குள் போட்டால் வரிக்கும் அதன் தாமத வட்டிக்கும் மேல் 25 சதவீதம் கூடுதல், அதற்குப் பிறகு என்றால் கூடுதல் இன்னும் ஏறும்.

இனி பணத்தை மாற்றிப் போடுவது பற்றி. மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம், வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடம், விரும்பினால் மூன்று வருடம் நீட்டிக்கலாம். உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வருடத்துக்கு 2,46,000. இந்த வட்டி முழுக்க வரிக்கு உட்பட்டது. ஆனால் உங்கள் மொத்த வருமானம் நாலு லட்சத்துக்குள்தான் நிற்கும். 2025-26 முதல் புது முறையில் நாலு லட்சம் வரை வரியே இல்லை, 12 லட்சம் வரை தள்ளுபடி வேறு.

ஆனால் டிடிஎஸ், அதாவது வட்டியைக் கொடுக்கும்போதே முன்கூட்டி வரி, பிடிப்பார்கள். மூத்த குடிமக்களுக்கு வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம், அதாவது 24,600 போய்விடும். பிறகு ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். கணக்கு தொடங்கும்போதே, எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும்.

மனைவி விஷயம்: 57 வயதில் அவர் பெயரில் தனிக் கணக்கு தொடங்க முடியாது. கூட்டுக் கணக்கில் இரண்டாவது பெயராக எந்த வயதிலும் சேர்க்கலாம், அதைக் கட்டாயம் செய்யுங்கள். அவருக்குப் பணத்தைக் கொடுத்து எஃப்.டி. போட வைத்தாலும், அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேர்த்துக் கணக்கிடப்படும். கணவன் மனைவிக்குள் கொடுத்த பணத்துக்கு அப்படித்தான் சட்டம். வரியே வராத இடத்தில் அதற்காகச் சுற்றி வளைக்கத் தேவையும் இல்லை.

ஐந்து வருடத்துக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 30 லட்சத்தையும் போடுங்கள். முதல் வருடத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியைத் திரும்பப் பிடிப்பார்கள். இரண்டாம் வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் வெட்டு. இந்த வயதில் ஆஸ்பத்திரிச் செலவு சொல்லிக்கொண்டு வராது. மூன்று லட்சமாவது கையில் எடுக்கும்படி வைத்திருங்கள் என்பது என் யோசனை.

மூணாறு தங்கை:

இடையில் ஒரு கேள்வி அண்ணா. அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் மூன்று வருடம், பிறகு இங்கே எஸ்டேட்டில் நாலு வருடம் வேலை பார்த்தார். இரண்டும் தனித்தனி பி.எஃப். எண். இப்போது எடுத்தால் ஐந்து வருடக் கணக்கு எப்படி?

சித்தூர் கணக்கர்:

எடுக்காதீர்கள் தங்கை, முதலில் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றினால் இரண்டு சர்வீஸும் சேர்ந்து ஏழு வருடம் ஆகிவிடும், வரி இல்லை. மாற்றாமல் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே ஐந்து வருடத்துக்குள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடிப்பார்கள், பான் எண்ணையும் இணைத்துவிடுங்கள். உடல்நலக் குறைவாலோ, கம்பெனி மூடியதாலோ வேலை போயிருந்தால் ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் விலக்கு உண்டு. அப்பாவுக்கு அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். 2023-24க்கும் வரி பூஜ்யம்தான் என்றார். 2024-25 ரிட்டர்னை அங்கேயே திருத்திப் போட்டாயிற்று. பி.எஃப். பணத்தைக் கேட்கும் படிவம் 19 போடும்போதுதான் ஒரு தடை. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பி.எஃப்.பில் இனிஷியல் மட்டும். இந்தப் பக்கம் நம் தமிழர் பலருக்கும் இதே கதை, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. பெயரைத் திருத்த, நானும் பழைய கம்பெனியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். பெயர் சரியானதும் எடுத்து, 28 லட்சத்தைத் திட்டத்தில் போட்டு, மீதியைச் சேமிப்புக் கணக்கிலும் எஃப்.டி.யிலும் வைக்கப் போகிறேன். மனைவி இரண்டாவது பெயர். இந்த வருட பி.எஃப். வட்டியையும் அடுத்த ரிட்டர்னில் காட்டுகிறேன்.

சித்தூர் கணக்கர்:

நல்லது. பணம் வந்ததும் பாஸ்புக்கை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடிய பிறகு எந்த வருடம் எவ்வளவு வட்டி என்று யாராவது கேட்டால் அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.