வயிற்றுத் தசை வலி: உங்களுக்கு எதனால் வந்தது?

அலையாத்தி:
ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. தொப்புளுக்கு வலப்புறம், விரல் நுனி அளவு இடம். இருமினாலும் புரண்டு படுத்தாலும் சுருக்கென்று குத்தும். அமிலத்துக்கான மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினேன். கடைசியாகப் பார்த்த அறுவை மருத்துவர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. மல்லாந்து படுக்கச் சொன்னார். வலிக்கிற இடத்தில் ஒரு விரலை அழுத்திக்கொண்டு, "கைகளை மார்பில் கட்டித் தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்கள்" என்றார். தூக்கினேன், அலறிவிட்டேன். "வலி உள்ளே இல்லை, வயிற்றுச் சுவரில் இருக்கிறது" என்றார். தசையைத் துளைத்து வரும் சிறு நரம்பு ஒன்று அங்கே நெரிபட்டிருந்ததாம். அதே இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார். எழுந்து உட்கார்ந்தேன், வலி இல்லை! கார்னெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1926இலேயே எழுதிவைத்த சோதனை இது. முதலில் பார்த்தவர்கள் ஏன் செய்யவில்லை என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பருத்திப்பூ:
என் மாமியாருக்கு இடப்பக்கம், விலாவுக்குக் கீழே. குடம் தூக்கியதில் தசை பிடித்துக்கொண்டது என்றார்கள், வாயுப் பிடிப்பு என்றார்கள். நல்லெண்ணெய் தடவப் போனபோது, "தொடாதே, சேலை பட்டாலே எரிகிறது" என்றார். தசைப் பிடிப்புக்குத் துணி பட்டால் எரியுமா? அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த சில நாட்களில் முதுகிலிருந்து தொப்புள்வரை ஒரே பக்கமாகக் கொப்புளங்கள். அக்கி! செம்மண் எழுதினால் போதும் என்று உறவினர்கள் தடுத்தும் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவதே நல்லது என்றார்.

வைகைக்கரை:
அலையாத்தி ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் கட்டிலில் தலையைத் தூக்கிப் பார்த்துத் தசை வலிதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குடல்வால் வீக்கம் முற்றி வயிற்றின் உள்ளுறைவரை பரவினால், தலையைத் தூக்கும்போதும் வலிக்கும். என் அண்ணனுக்கு நேர்ந்தது வேறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். விடாத இருமலுக்குப் பிறகு அடிவயிற்றில் கட்டி, தோலில் நீலம் பாய்ந்திருந்தது. தசைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆகவே சொல்கிறேன்: அத்தகைய மாத்திரை சாப்பிடுபவர்கள் இருமலை அலட்சியம் செய்யாதீர்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால், வயிறு பலகையாக இறுகினால் அன்றே போங்கள். இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். அது உள்ளே போகாமல் நின்று வலித்தால் இரவென்றும் பாராதீர்கள். மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் இதயத்தைப் பாருங்கள். ஆனால் செம்மண்ணைப் பழிக்க வேண்டாம், பருத்திப்பூ. என் பாட்டிக்கு அதில்தான் ஆறியது.

கபடிக்காரன்:
எல்லா வலிக்கும் இப்படி அஞ்ச வேண்டுமா? நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு வயிற்றுப் பயிற்சி செய்தேன். அன்று ஒன்றுமில்லை, மறுநாள் காலை தும்மல் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழகாத பயிற்சியில் தசை இழைகள் நுண்ணிதாகச் சிதைவதால் வரும் வலி இது. ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்குப் போய்த் தானாகவே அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று எங்கள் பயிற்சியாளர் இன்னமும் சொல்கிறார். அது பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே ரத்தத்தில் கரைந்து போய்விடுகிறதே! சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்திருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பருத்திப்பூ:
வைகைக்கரை அண்ணா, அக்கிக் கொப்புளம் எதுவும் பூசாவிட்டாலும் சில வாரங்களில் காய்ந்துவிடும். பாட்டிக்கு ஆறியது மண்ணாலா, நாளாலா? வயதானவர்களுக்குக் கொப்புளம் போன பிறகும் நரம்பு வலி தங்கிவிடுகிறது. என் மாமியார் பொங்கல்வரை இரவில் தூங்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இப்போது தடுப்பூசி இருக்கிறது. என் கணவருக்குப் போட்டாயிற்று.