போவிஸ்: வரைபடத்தில் பக்கம், சாலையில் தூரம்

போவிஸில் வண்டி ஓட்டினால், போன் வரைபடம் காட்டும் பயண நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் வேல்ஸ் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு போவிஸ்தான். சுமார் 5,200 சதுர கி.மீ. ஆட்களோ 2021 கணக்கெடுப்பில் சுமார் 1,33,000 பேர். 1974-இல் மான்ட்கோமரிஷயர், ராட்னர்ஷயர், பிரெக்னாக்ஷயரின் பெரும்பகுதி மூன்றையும் சேர்த்துத் தைத்த கவுண்டி (நம் மாவட்டம் போல). தையல் இன்னும் தெரிகிறது: கவுன்சில் லாண்ட்ரின்டாட் வெல்ஸில், பெரிய ஊர் நியூடவுன், மலையேறிகள் கூடுவது பிரெக்கனில். நியூடவுனிலிருந்து பிரெக்கனுக்கு ரயில் கிடையாது, டி4 பஸ்தான்.

நேரம் போவது ஒற்றைத்தடச் சாலைகளில்தான். ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே நுழையாமல், அதற்கு நேரெதிரே நில்லுங்கள். எதிர்வண்டி உள்ளே ஒதுங்கிக் கடக்கும். மேடேறி வருபவருக்கு வழி விடுவது முறை. புல்லோரம் கெட்டியாகத் தெரியும், அடியில் சாக்கடைப் பள்ளம் இருக்கும். சாலையின் குறுக்கே பதித்த மாட்டுத்தடுப்புக் கம்பிகளைத் தாண்டிவிட்டால் ஆடுகளுக்கு வேலி இல்லை. சாலையின் ஒருபுறம் தாய், மறுபுறம் குட்டி என்றால் உடனே வேகத்தைக் குறையுங்கள். குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும்.

ரயாடர் பக்கம் போனால் ஈலான் அணைகள். முதல் தொகுதி 1893-இல் தொடங்கி 1904-இல் திறந்தது. 118 கி.மீ. தள்ளியிருக்கும் பர்மிங்காமுக்கு பம்ப் இல்லாமலே தண்ணீர் போகிறது. மொத்த இறக்கமே 52 மீட்டர்தான். எல்லோரும் காபன் கோக் அணை வழிவதைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சூட்சுமம் சற்று மேலே, காரெக் தீ பாலத்தடியில் மூழ்கிக் கிடக்கும் சுவரில் இருக்கிறது. ஆற்றுக்கு நீர் விட்டுவிட்டு காபன் கோக் மட்டம் இறங்கினாலும், அந்தச் சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கி, பர்மிங்காமுக்குத் தண்ணீர் எடுக்கும் வோயல் கோபுரத்தின் மதகுக்கு எட்ட வைக்கிறது.

பிரெக்கன் பக்கத்து மலை பென் அ வான் 886 மீட்டர். ஏ470 சாலையோரத்திலிருந்து ஏறினால் பாதி உயரம் ஏற்கெனவே கையில். அதனால்தான் பலர் சாதா செருப்போடு கிளம்புகிறார்கள். மூடுபனியில் ஆபத்து வடக்கு விளிம்பு: அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு.

ஊர்ப்பெயர்களுக்கு ஒன்று. வேல்ஸ் மொழியில் இரட்டை எல் (Ll), நம் ல, ள, ழ எதுவும் இல்லை. நாக்கை 'ல'வுக்கு வைத்து, குரல் கொடுக்காமல் ஓரத்தில் காற்றை ஊதுங்கள்.