எட்டு மாதப் பிள்ளைக்கு மண்டையோட்டு ஆபரேஷன்: இரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி எவ்வளவு போடுவார்கள்?

பாம்பன் தாய்:
எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு மாதம். பிறந்த புதிதிலேயே மாமியார் தலையைத் தடவிப் பார்த்து, "பிள்ளைக்குத் தலை வள்ளம் மாதிரி நீளமா இருக்கே" என்றார். எண்ணெய் தேய்த்து உருட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் மண்டையோட்டின் நடுத் தையல், அதாவது எலும்புகள் சேருகிற கோடு, முன்கூட்டியே மூடிவிட்டது என்று தெரிந்தது. டாக்டர் சொன்ன பெயருக்கும் படகுத் தலை என்றுதான் அர்த்தமாம். ஜூன் முதல் வாரம் மதுரையில் ஆபரேஷன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது, அவர் கரையில் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று நாள் வாங்கினோம்.

இரத்தம் நிறையப் போகும், அதைக் குறைக்க ஒரு ஊசி போடுவோம் என்று மயக்க டாக்டர் சொன்னார். சீட்டில் டிரானெக்சாமிக் அமிலம் என்று எழுதியிருக்கிறது. என் அக்கா மாதவிடாயில் அதிகம் போகிறது என்று சாப்பிடும் 500 மில்லிகிராம் மாத்திரை அட்டையிலும் இதே பெயர். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மருந்தை இந்தச் சின்ன உடம்பு தாங்குமா? இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை.

இன்னொன்று. ஃபைலில் எடை 6.2 கிலோ என்று இருக்கிறது. அது இரண்டு மாதத்துக்கு முன் எழுதியது. போன வாரம் அங்கன்வாடியில் 7.1 காட்டியது. இதைப் போய்ச் சொன்னால் டாக்டர் கோபப்படுவாரோ?

கீழக்கரை வாப்பா:
சொல்லுங்கள் தங்கச்சி, கட்டாயம் சொல்லுங்கள். என் மகனுக்கு மூன்று வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன். மருந்து அளவு எனக்குத் தெரியாது. ஆனால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இப்போதே பார்த்துவிடுங்கள். எங்களுக்குக் குறைவாக இருந்து, இரும்புச் சத்து சொட்டு மருந்து கொடுத்து ஐந்து வாரம் தள்ளிப் போட்டார்கள். அப்போது கோபம் வந்தது. பிறகு புரிந்தது. இரத்தம் கொடுக்க நாலு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் பிள்ளைக்கு நல்லது செய்வான்.

உச்சிப்புளி சிஸ்டர்:
தங்கச்சி, நான் 14 வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸ். உங்கள் அக்கா சாப்பிடுவதும் பிள்ளைக்குப் போடப்போவதும் ஒரே மருந்துதான், பயப்படாதீர்கள். 1962-ல் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது. பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் கொட்டுகிற தாய்மார்களுக்கும் இதைத்தான் போடுகிறோம்.

இரத்தம் உறைவது வலை பின்னுவது மாதிரி. காயத்தில் உடம்பு ஒரு வலையைப் பின்னும். அந்த வலையை அறுக்கவும் உடம்பிலேயே ஒரு பொருள் உண்டு, பிளாஸ்மின் என்று பெயர். பெரிய ஆபரேஷனில் பின்னப் பின்ன அது அறுத்துக்கொண்டே இருக்கும். இந்த மருந்து அந்தக் கத்தியை வலைமேல் படாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். புதிதாக எதையும் உறைய வைப்பதில்லை.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்றால், உங்கள் மகள் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமே ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் கூட. கிலோவுக்குச் சுமார் 80 மில்லி என்று கணக்குப் போடுவோம். 7.1 கிலோவுக்கு 570 மில்லி. எனக்கும் உங்களுக்கும் 150 மில்லி போனால் ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு அது கால் பங்குக்கு மேல். மண்டையோட்டு எலும்பும் தலைத் தோலும் கசிந்துகொண்டே இருக்கும் இடங்கள், கட்டுப்போட்டு நிறுத்த முடியாது.

இனி அளவு. 2011-ல் இந்த ஆபரேஷனிலேயே இரண்டு ஆய்வுகள் வந்தன. பாஸ்டனில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் முதலில், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 5. பிரான்ஸில் முதலில் 15, பிறகு மணிக்கு 10. இரண்டிலும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேண்டிய இரத்தம் குறைந்தது. அப்புறம் இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்த்தவர்கள், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கால் மணி நேரத்தில் ஏற்றி, பிறகு மணிக்கு 5 என்று ஓட விட்டாலே போதும் என்று 2013-ல் எழுதினார்கள். இப்போது 10-லிருந்து 30-க்குள் தொடங்குகிற இடங்கள்தான் அதிகம். அளவு மிகவும் ஏறிப்போனால் வலிப்பு வரலாம், அதனால்தான் மேலே போகத் தயங்குகிறோம். மருந்து பெரும்பாலும் சிறுநீரில் அப்படியே வெளியேறும். ஆகவே சிறுநீரகக் கோளாறோ வலிப்போ இருந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு எது என்பதை அவளைப் பார்த்த மயக்க டாக்டர் முடிவு செய்வார்.

எடைக்கு வருகிறேன். கிலோவுக்கு 10 என்று வைத்தால், இந்த மருந்தில் 62 மில்லிகிராமுக்கும் 71-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மற்ற மருந்துகள், டிரிப், எவ்வளவு இரத்தம் போனால் ஏற்றுவது என்கிற கணக்கு எல்லாம் அதே எடையில்தான் நிற்கிறது. எனக்குப் பயம் வேறு இடத்தில். ஆம்பூலில், அதாவது மருந்து வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பியில், 5 மில்லியில் 500 மில்லிகிராம் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்குத் தேவை 0.7 மில்லி. புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் 7. அதனால் நான் சிரிஞ்சைக் கையில் எடுத்ததும் பிள்ளையின் எடை, மில்லிகிராம், மில்லி மூன்றையும் வாய்விட்டுச் சொல்வேன், டாக்டர் திருப்பிச் சொல்வார். ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது, முதுகில் போடுகிற மரத்துப்போகும் மருந்தின் தட்டில் இந்த ஆம்பூல் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதை முதுகில் போட்டால் உயிரே போகலாம். அன்று யாருக்கும் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து லேபிளை வாசிக்காமல் ஒரு ஆம்பூலையும் உடைத்ததில்லை.

தொண்டி மருமகள்:
சிஸ்டர், எங்கள் மாமாவுக்குக் காலில் இரத்தக் கட்டி வந்திருக்கிறது. இந்த மருந்து போட்டால் அப்படி வருமா?

உச்சிப்புளி சிஸ்டர்:
அவருக்கு ஆபரேஷன் என்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள் அம்மா. இரத்தக் கட்டி இருக்கிறவர்களுக்கு இதைத் தவிர்ப்போம். பாம்பன் தங்கச்சி, உங்கள் குடும்பத்திலும் யாருக்காவது வந்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

பாம்பன் தாய்:
முடிந்தது அக்கா. முதல் நாள் சாயங்காலம் எடை விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவே இல்லை. உடுப்பு, அரைஞாண் கயிறு எல்லாம் கழற்றி அங்கேயே எடை பார்த்தார்கள். 7.25. ஃபைலில் 6.2-ஐ அடித்துவிட்டு என் கண் முன்னாலேயே எழுதினார்கள். கிலோவுக்கு 10 என்று மயக்க டாக்டர் சொன்னார், நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டேன்.

நாலு மணி நேரம். வீட்டுக்காரரும் அவரோடு கடலுக்குப் போகிற மூன்று பேரும் இரத்தம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்கு 90 மில்லி மட்டும் ஏற்றினோம் என்றார்கள். இன்று முகம் வீங்கியிருக்கிறது, கண் சரியாகத் திறக்கவில்லை. ஆனால் என் குரல் கேட்டதும் கையை நீட்டிப் பாலுக்கு அழுதாள்.