மிலிட்டரி தாத்தாகிட்ட வளர்ந்தவங்க இருக்கீங்களா?

காவேரிப்பட்டணம் பேத்தி:
தாத்தா போய் நாற்பது நாள் ஆகுது. ஒரு விஷயம் தூங்க விட மாட்டேங்குது, அதான் எழுதறேன்.

1963ல சேர்ந்தவர், மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ஆர்மியோட இன்ஜினியர் படை. டிஸ்சார்ஜ் புக்குல ஜில்லா சேலம்னுதான் இருக்கு. (தருமபுரி பிரிஞ்சது 1965ல, கிருஷ்ணகிரி 2004ல. மனுஷன் ஒரே வீட்ல உக்காந்துக்கிட்டு மூணு ஜில்லா பார்த்துட்டார்.)

எனக்கு அப்போ எட்டு வயசு. கடலைக்காய் பிடுங்கி முடிச்ச கொல்லையில விட்டுப்போன காய் பொறுக்கப் போனோம். தாத்தா கூரா சீவின மூங்கில் குச்சியை நல்லா சாய்ச்சுப் பிடிச்சு, மெதுவா, ஜாணுக்கு ஒரு குத்துன்னு குத்திக்கிட்டே வருவார். ஏதாவது தட்டுச்சுன்னா குச்சியைக் கீழ வெச்சுட்டு ரெண்டு விரலால சுத்தி இருக்கற மண்ணை விலக்குவார். ஒரு காய்க்கு இவ்ளோ நேரமான்னு எனக்குப் பொறுமை போயிடுச்சு. களைக்கொத்தை எடுத்து நேரா ஓங்கி ஒரு போடு போட்டேன். அடுத்த நொடி என் மணிக்கட்டு அவர் கையில. "நேரா குத்தாத!"ன்னு அவர் போட்ட சத்தத்துல பக்கத்துக் கொல்லைக்காரங்க நிமிர்ந்து பார்த்தாங்க. காலையில ஏழு மணிப் பனியில அவர் முகத்துல வேர்வை ஊத்துது.

தினமும் என்னை "சாப்"னு கூப்பிட்டு சல்யூட் வைக்கிறவர். "உன்கூட இனிமே வரவே மாட்டேன், போ"ன்னேன். "ரைட், சாப்"னார். நிஜமாவே நான் திரும்பப் போகலை. அவரும் கூப்பிடலை.

பதினாறாம் நாளுக்கு அவர் கூட்டாளி ஒருத்தர் குடியாத்தத்துல இருந்து வந்திருந்தார். 1971 டிசம்பர், பாகிஸ்தான் சண்டை, பசந்தர் ஆத்தங்கரைன்னு ஆரம்பிச்சார். டாங்கி போறதுக்கு மைன் (மண்ணுல புதைச்ச கண்ணிவெடி) எடுத்து வழி விடற வேலை. ராத்திரி, தலைக்கு மேல ஷெல் விழுந்துக்கிட்டே இருக்கு. குச்சியைச் சாய்ச்சுக் குத்தினா மைனோட பக்கவாட்டுல தட்டும், நேரா குத்தினா அதோட தலையில அழுத்தும்னு விளக்கிட்டு, "உங்க தாத்தனுக்குப் பக்கத்துல இருந்த பையன் அவசரப்பட்டுட்டான்"னார். அப்புறம் அவர் பேசலை. காபி ஆறிப்போய் ஏடு கட்டிடுச்சு.

பென்னாகரத்தான்:
எங்க தாத்தாவும் உங்க தாத்தா மாதிரியே மெட்ராஸ் ரெஜிமென்ட். சண்டையைப் பத்தி வாயே திறக்க மாட்டார். ரம் உள்ள போனா மட்டும் மாட்டைப் பார்த்து "வீர மதராசி, அடி கொல்லு"ன்னு ரெஜிமென்ட் போர் முழக்கத்தைக் கத்துவார்.

ஒரு நவம்பர்ல ஆயுள் சான்றுக்குக் கூட்டிட்டுப் போனேன். பத்து விரலையும் மெஷின்ல வெச்சாச்சு, ரேகை விழலை. அங்க இருந்த பையன் தலையைத் தூக்காம, "பெரியவர் உயிரோட இருக்கார்னு சிஸ்டம் ஒத்துக்கலீங்க"ன்னான். தாத்தா எழுந்தார். தோள்ல கிடந்த துண்டை என் கையில கொடுத்துட்டு, அட்டென்ஷன்ல நின்னு, நம்பர், ரேங்க், பேர் எல்லாம் சொல்லி, "ஹாஜிர் ஹை சாப்"னார். வரிசையில யாரோ சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதான் உறுத்துது.

ஓசூர் மாப்ள:
பென்னாகரத்தாருக்கு: சாப்பர்ஸ் வேற, மெட்ராஸ் ரெஜிமென்ட் வேற. சாப்பர்ஸுக்கு சென்டர் பெங்களூரு அல்சூர். ரெஜிமென்ட் காலாட்படை, அதுக்கு சென்டர் வெலிங்டன். எங்க மாமனார்கிட்ட இப்படிக் கலந்து சொன்னா அன்னிக்கு சோறு கிடையாது. பசந்தர்னா எல்லாரும் அருண் கேத்தர்பால் டாங்கியைத்தான் சொல்வாங்க. 21 வயசுல பரம்வீர் சக்ரா, சொல்லட்டும், தப்பில்லை. ஆனா அந்த மைன் வயல்ல வழி போட்ட தம்பிங்களை எவன் சொல்றான்? ('தம்பி'ன்னுதான் ஆர்மில நம்ம சாப்பர்ஸுக்குப் பேரே.) அப்புறம் ரம் ஜோக்கை விடுங்க. மாமனார் கேன்டீன்ல வாங்கறது ஹார்லிக்ஸும் பிரஷர் குக்கரும்தான்.

பென்னாகரத்தான்:
ஜோக் இல்லண்ணே. மாடு நிஜமாவே நகரும்.

ஊத்தங்கரை அக்கா:
எங்க பெரியப்பா டாக்கா பக்கம். 71ல பாகிஸ்தான்காரங்க 93,000 பேர் சரணடைஞ்சப்போ அங்க இருந்தாராம். அவ்ளோதான் தெரியும், கேட்டு வெச்சுக்கலை.

பேத்திம்மா, ஆயா இருக்காங்களா? இருந்தா முதல்ல இதைக் கவனி. இறப்புச் சான்றிதழ் நாலஞ்சு காப்பி வாங்கி வெச்சுக்கோ. பேங்க்ல உடனே சொல்லிடணும். அவர் போன பிறகும் பென்ஷன் ஏறினா அதைத் தொடாத, பின்னாடி பிடிப்பாங்க. ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும், ஆனா டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), ஆதார் மூணுலயும் ஆயா பேர் ஒண்ணா இருக்கான்னு எழுத்துக் கூட்டிப் படி. அந்தக் காலத்துல கிளார்க் காதுல விழுந்ததுதான் பேரு. எங்க பெரியம்மா "லட்சுமி" புக்குல "லச்சுமி"யா இருந்ததுக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போறப்போ புக்கோட ஒரிஜினலை எடுத்துட்டுப் போ, ஆனா யார்கிட்டயும் விட்டுட்டு வந்துடாத. தாத்தா கேன்டீன் கார்டுல ஒரு சோப்புகூட வாங்காத, ஆயா பேர்ல புதுசு போடு. மருத்துவ கார்டும் அவங்களுக்கு உண்டு. பென்னாகரம் தம்பி, ரேகை விழலைன்னா இப்போ போன்லயே முகத்தைக் காட்டி ஆயுள் சான்று எடுக்கலாம், அதையும் பாரு.

பென்னாகரத்தான்:
தாத்தா இப்போ இல்லக்கா.

காவேரிப்பட்டணம் பேத்தி:
அக்கா, பேப்பர் வேலையெல்லாம் சித்தப்பா பார்க்கறார். ஆயா பேர் புக்குல தப்பாத்தான் இருக்கு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க!

நேத்து ஆயாகிட்ட அந்தக் கொல்லை விஷயத்தைக் கேட்டேன். அதுக்கப்புறமும் கடலைக்காய் பிடுங்கி முடிச்சதும் வருஷா வருஷம் தாத்தா தனியாப் போய் அரை நாள் குத்திக்கிட்டு இருப்பாராம். ஒரு சொம்பு காய்கூடத் தேறாதாம். அதை வேகவெச்சுத்தான் எனக்குக் கொடுத்தாங்களாம். நான் சந்தையில வாங்கினதுன்னு நெனச்சு, உப்பு பத்தலைன்னு சொல்லிக்கிட்டே தின்னிருக்கேன்.