புதுப்பிப்பு: எம்எஸ்ஸோடு கடலுக்குள் போய் வந்தேன்

எனக்கு இருக்கும் எம்எஸ், அதாவது மூளை, முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர், ஸ்கூபா டைவிங் (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் போவது) செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? திருகோணமலைப் பக்கம் நிலாவெளி புறாத்தீவில் இறங்கிவிட்டேன்.

நரம்பியல் டொக்டர் உடனே தலையாட்டவில்லை. அண்மையில் நோய் கிளம்பவில்லை, காலில் பலம் இருக்கிறது என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். அப்புறம் எந்த விரல் ஏற்கெனவே விறைத்திருக்கிறது, நடை எப்படி என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். ஆழத்திலிருந்து மேலே வரும்போது, அழுத்தம் குறைந்து இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டினாலும் இதே விறைப்பு, இதே தள்ளாட்டம்தான். புதிதாக ஏதும் வந்தால் 'பழைய வருத்தம்தானே' என்று படுத்துவிடக் கூடாதாம். (என் இடது சுண்டுவிரல் வழமைபோல மரக்கட்டை.)

நான் யோசிக்காதது வீடு திரும்புவதை. என் ஊர் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். உயரே போனால் காற்றழுத்தம் குறையும் என்பதால், டைவ் முடிந்த கையோடு மலை ஏறுவதும் விமானம் ஏறுவது மாதிரித்தான். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல என்றால் 18 பொறுக்க வேண்டும். நான் செய்தது இரண்டு. அன்றிரவே வேனைக் கிளப்ப நின்ற மச்சானிடம், "றம்பொடை மலைப்பாதை வளைவில் நான் திறந்த சோடாப் போத்தல் ஆகிவிடுவேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு நாள் அறை எடுத்தான்.